ஐந்தாம் தூணின் நடுநாள்

பூஜ்யம் என்றோர் ஆண்டு இந்த உலகத்தில் ஒருநாளும் இருந்ததில்லை என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் ஞானசிகாமணி சார். பாளையங்கோட்டையில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது எங்களுக்கு வரலாறு எடுத்தவர். கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, "இந்தப் பக்கம் கி.மு. ஒன்று, அந்தப் பக்கம் கி.பி. ஒன்று. இடையில் நிறுத்தம் கிடையாது, யாரும் இறங்க முடியாது" என்றார். ஒன்றில் தொடங்குவது பத்தில் முடியும். பதினொன்றில் அடுத்தது தொடங்கும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அன்றிலிருந்து இந்த எண்பத்து மூன்று வயது வரைக்கும் நான் அதிலிருந்து நூலளவும் விலகியதில்லை.

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும், தம்பி. பேருந்து கிளம்பியதும் நீங்கள் கைப்பேசியில் யாரிடமோ, "இந்தப் பத்து வருஷத்துல பாதி போயிட்டு மாப்ள, இன்னும் ஒண்ணும் உருப்படல" என்று சொன்னீர்கள். உருப்படுவது உங்கள் சொந்த விஷயம், அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் பாதி போகவில்லை. இந்தப் பத்தாண்டு 2021-இல் தொடங்கியது, 2030-இல் முடியும். 2025 டிசம்பர் கடைசி நாள் கழிந்தால்தான் பாதி. இப்போது ஆடிதான் நடக்கிறது. உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. வேண்டுமானால் அந்த மாப்பிள்ளையைத் திரும்ப அழைத்துச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

வேண்டாமா? சரி.

நான் பேசுவது பாடப் புத்தகத்தை வாசிப்பதுபோல் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். சொல்லட்டும். தமிழ்வழியில் படித்து, தமிழ்வழியில் பயிற்சி பெற்று, தமிழ்வழியில் வரலாறு கற்பித்தவள் நான். தென்காசி தாண்டி எங்கள் ஊரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது, அதில் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். பெயர் செண்பகவடிவு. முதலெழுத்து சு. சுடலைமுத்து என்பது என் தகப்பனார்.

அந்தப் பள்ளியின் கூட்ட மண்டபத்தில் வரிசையாகக் கல் தூண்கள் உண்டு. ஒரு பத்தாண்டுக்கு ஒரு தூண். நிறுவனர் ஐயா வைத்த ஏற்பாடு. எல்லாத் தலைமையாசிரியைகளின் பெயரையும் கல்லில் வெட்டினால் கல்லும் போதாது, அவர்களுக்குள் சண்டையும் ஓயாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால், ஒவ்வொரு பத்தாண்டின் நடுநாளன்றும் நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் பெயர் மட்டும் தூணில் ஏறும். நல்லவரோ கெட்டவரோ, இருபது ஆண்டு இருந்தவரோ இரண்டு மாதம் இருந்தவரோ, நடுநாளில் இருந்தால் கல்லில் இருப்பார். சண்டையே வராது என்று நினைத்தார் பாவம். நடுநாள் எது என்று சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஐந்தாம் தூண் தொண்ணூறுகளுக்கு உரியது. 1995 ஜனவரியில், இதுதான் நடு என்று சொல்லி, அப்போதைய தலைமையாசிரியை எமிலி தங்கபாயின் பெயரை அதில் வெட்டினார்கள். 1990-இல் தொடங்கிய பத்தாண்டாம்! எமிலி அக்கா கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர்களுக்குப் பூஜ்யத்தின்மேல் ஒரு பாசம் உண்டு. மாணவிகளுக்கு மதிப்பெண்ணாகவே நிறையப் போட்டுப் பழகியவர்கள். நான் அப்போது உதவித் தலைமையாசிரியை. நேராகப் போய்ச் சொன்னேன்: "அக்கா, பத்தாண்டு தொடங்கியது 1991. நடுநாள் வருவதற்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. உளியை நிறுத்தச் சொல்லுங்கள்."

அவர் சிரித்தார். "ஏளா செண்பகம், அடுத்த வருஷம் ஜனவரில நாற்காலில யாரு இருப்பா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். மே மாசம் நான் ரிட்டயர்டு. அடுத்தாப்ல சீனியர் நீதான."

பார்த்தீர்களா, தம்பி? நான் வரலாற்றைப் பேசினால் அவர் நாற்காலியைப் பேசுகிறார். மனிதர்களின் சிந்தனை எப்படிப் போகிறது பாருங்கள். நான் தலைமையாசிரியை ஆவேன் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. ஆனால் அந்த நிமிடத்தில் அது என் நினைவிலேயே இல்லை.

ஜூனில் நாற்காலி என்னிடம் வந்தது. 1996 ஜனவரி முதல் நாள் வந்தது. உண்மையான நடுநாள். பள்ளிக்கு அன்று விடுமுறை. நான் குளித்து, பட்டுப் புடவை உடுத்தி, காலையிலேயே போய்க் காவலாளியை எழுப்பி அறையைத் திறக்கச் சொன்னேன். "லீவு நாள்ல என்ன டீச்சர், யாரும் வாராகளா?" என்று கேட்டான். "யாரும் வரவில்லை, நான் நாற்காலியில் இருக்க வேண்டும்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மதியம் அவனே ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, "வீட்ல ஏதும் பிரச்சனையா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டான். சாயங்காலம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிற்காலத்தில் யாரும், அன்று அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா?

அதற்குப் பிறகு பணியில் இருந்த காலம் முழுவதும், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் நிற்க வேண்டிய இடம் எது தெரியுமா? மேடைக்குப் பக்கத்தில், ஐந்தாம் தூணுக்கு நேர் எதிரில். தினமும் தமிழ்த்தாய் வாழ்த்து முடியும் வரை எமிலி தங்கபாய், எமிலி தங்கபாய் என்று வாசித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். மற்றவர்கள் சாமி கும்பிடுவதாக நினைத்தார்கள்.

1999 டிசம்பரில் ஊரே புது நூற்றாண்டு என்று ஆடியது. என் பள்ளியில் ஒரு பலூன் பறக்கவில்லை. "நூற்றாண்டு பிறக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது, அதுவரை பாடத்தைக் கவனியுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மறு ஆண்டு மே மாதத்தில் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வந்தவர், 2001 பிறந்தபோது, கொண்டாட மறந்துவிட்டார். ஆக அந்தப் பிள்ளைகளுக்கு நூற்றாண்டு பிறக்கவே இல்லை. அதற்கும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

சற்றே இந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள், வெயில் உங்கள் முகத்தில் அடிக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் பள்ளிச் செயலருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். ஐந்தாம் தூணில் உள்ளது வரலாற்றுப் பிழை, திருத்துக. என் பெயரை வெட்டுங்கள் என்று ஒருபோதும் எழுதியதில்லை. பிழையைத் திருத்தினால் யார் பெயர் வரும் என்பது அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது. ஓய்வு பெற்ற ஆசிரியர் கூட்டங்களில் எமிலி அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் இதே பேச்சுத்தான். எல்லார் முன்னாலும் கேட்பார்:

"ஏளா, நீ பொறந்தன்னைக்கு ஒனக்கு ஒரு வயசா? பூஜ்யம்தான?"

"பிறந்த அன்றே எனக்கு முதல் வயது நடக்கத் தொடங்கிவிட்டது" என்பேன்.

"அப்போ எண்பதுகள்னு சொல்லுதோம்லா, அதுல எம்பது உண்டா, கிடையாதா? எம்பதே இல்லாத எண்பதுகளா? இட்லி இல்லாத இட்லிக்கடையா?"

எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு விடையாகாது என்பது கணக்கு டீச்சருக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

இந்தக் கோடை விடுமுறையில் மண்டபத்தைப் புதுப்பிக்க முடிவெடுத்தார்கள். தூண்களைத் தேய்த்து மெருகு போட்டு, எழுத்துகளைப் புதிதாக வெட்டுவதாகத் திட்டம். இப்போது செயலர் நிறுவனர் ஐயாவின் பேரன் இளவழுதி. பேருந்து நிலையத்துக்கு எதிரில் பெயின்ட்கடை வைத்திருக்கிறான். என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளை வயது. என் விண்ணப்பங்களை அவன் அப்பா காலத்திலிருந்து படித்துக் களைத்த குடும்பம் அது. "டீச்சர், ஒரே ஒரு கமிட்டி மீட்டிங். நீங்களும் வாங்க, எமிலி பாட்டியும் வரட்டும். அன்னைக்கு முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான்" என்றான். அவரைப் பாட்டி என்றும் என்னை டீச்சர் என்றும் சொன்னதைக் கவனித்தீர்கள் அல்லவா? மரியாதை தெரிந்த பையன்.

எமிலி அக்காவுக்கு இப்போது எண்பத்தெட்டு. சக்கர நாற்காலியில் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். எதிர்த்து வாதாட அவருக்குத் தெம்பு இருக்காதோ என்று எனக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான். நான் எழுந்து, ஞானசிகாமணி சார் அன்று இழுத்த அதே கோட்டை நானும் கரும்பலகையில் இழுத்து, முக்கால் மணி நேரம் விளக்கினேன். பத்தாண்டு ஒன்றில் தொடங்கும். இதுதான் முதல் தீர்மானம். "யாராவது வழிமொழியுங்க" என்றான் இளவழுதி.

எமிலி அக்கா கண்ணைத் திறந்தார். "நான் வழிமொழிதேன்."

கூட்டம் திகைத்துவிட்டது. நானும்தான். "அக்கா, புரிந்துதான் சொல்கிறீர்களா?" என்றேன்.

"செண்பகம் இத்தன வருஷமா ஒரே சொல்லுல நிக்கா. ஒண்ணுல இருந்தே எண்ணுங்க. எழுதிக்கோங்கப்பா."

முப்பதாண்டுப் போர் முப்பது நொடியில் முடிந்தது. வயது ஆக ஆகத்தான் சிலருக்கு உண்மை தெரிகிறது. அந்த மகிழ்ச்சியில், அந்தப் பெருமிதத்தில், நான் இன்னொன்றையும் சொன்னேன். இது தமிழ்வழிப் பள்ளி. இதன் தூணில் ஆங்கில ஆண்டு எதற்கு? அரசு அறிவிப்புகளில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் போடுகிறார்களே, தைப் பொங்கலன்று பிறக்கும் தமிழ்த் தொடராண்டு, ஆங்கில ஆண்டோடு முப்பத்தொன்றைக் கூட்டினால் வருவது, அதைத்தான் வெட்ட வேண்டும். இனி இந்தப் பள்ளியின் ஆண்டும் பத்தாண்டும் எல்லாமே தமிழ்த் தொடராண்டின்படியே கணக்கிடப்பட வேண்டும். இது இரண்டாம் தீர்மானம். இளவழுதிக்கு ஒரே உற்சாகம்; அவன் பெயரே இளவழுதி, வேறென்ன செய்வான்? மேசையைத் தட்டினான்.

"நான் வழிமொழிதேன்" என்றார் எமிலி அக்கா மறுபடியும். பிறகு, "ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதுங்க, பிரிச்சு எழுதாதீங்க" என்றார். முதுமையில் இப்படிச் சின்னச் சின்ன விருப்பங்கள் வரும். எழுதினார்கள்.

நான் அன்று மாலையே கல் வேலை செய்யும் பேச்சிமுத்துவிடம் போனேன். கமிட்டி சொல்லி, அவர்கள் கையெழுத்துப் போட்டு, காசு ஒதுக்கி, இதெல்லாம் ஆமை வேகத்தில் நடக்கும். முப்பதாண்டு தாமதம் போதாதா? என் சொந்தப் பணத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். எழுத்துக்கு இருநூறு என்று பேச்சு. மிச்சத்தை வேலை முடிந்ததும் தருவதாகச் சொன்னேன். "ஐந்தாம் தூண். எழுத்து அழுத்தமாக இருக்க வேண்டும், தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும்" என்றேன். பெயருக்காக அல்ல. பிள்ளைகள் சரியான வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதற்காக.

அடுத்த வாரம் மெஹராஜ் பானு வீட்டுக்கு வந்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள், இப்போது அதே பள்ளியில் கணக்கு டீச்சர். தூண்களில் வெட்ட வேண்டிய தமிழ் ஆண்டுகளைக் கணக்கிட்டுத் தரும் பொறுப்பு அவளுக்கு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"டீச்சர், ஒரு சின்ன விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணுல இருந்து எண்ணிட்டேன். தமிழ் வருஷத்துல அஞ்சாம் தூணோட பத்தாண்டு 2021-ல ஆரம்பிச்சு 2030-ல முடியுது."

"சரிதானே. ஒன்றில் தொடங்குகிறது."

"அதுல முப்பத்தொண்ண கழிச்சா..." என்று நிறுத்தினாள். "2021 தமிழ் வருஷம்னா இங்கிலீஷ்ல 1990 டீச்சர். தொண்ணூறு தைப் பொங்கல்ல ஆரம்பிக்குது. அஞ்சு வருஷம் கழிச்சு நடுநாள்... தொண்ணூத்தஞ்சு தைப் பொங்கல். அன்னைக்கு எமிலி டீச்சர்தான் ஹெச்எம்மா இருந்தாங்க."

"மறுபடி கழி" என்றேன்.

"மூணு தடவ கழிச்சிட்டேன் டீச்சர்."

"என் முன்னால் கழி."

கழித்தாள். நான் கழித்தேன். பக்கத்து வீட்டுப் பேத்தியின் கால்குலேட்டரை வாங்கி அதிலும் கழித்தோம். தொண்ணூறுதான் வந்தது. அந்த இயந்திரமும் எமிலி அக்காவிடம்தான் படித்திருக்கும்போல.

நான் சோர்ந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றிரவு முழுவதும் யோசித்தேன். தமிழ் ஆண்டு மார்கழியில் முடிந்து தையில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டு அதற்கு முன்பே பிறந்துவிடுகிறது. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை முதல் ஆண்டை ஆயத்த ஆண்டாகக் கொள்வதுதான் முறை. அப்படியானால் பத்தாண்டு இரண்டில் தொடங்க வேண்டும். இரண்டில் தொடங்கினால் 2022. அதாவது ஆங்கிலத்தில் 1991. நடுநாள் 1996 தைப் பொங்கல். எல்லாம் அழகாகப் பொருந்துகிறது! இதில் என்ன பிழை இருக்கிறது, சொல்லுங்கள்? ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்? உங்கள் ஊர் இன்னும் வரவில்லை.

விடிந்ததும் எமிலி அக்காவின் வீட்டுக்கே போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ரஸ்கை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வருவேன் என்று எதிர்பார்த்தவர் போல, பக்கத்தில் எனக்கும் ஒரு டம்ளர் டீ இருந்தது.

"உங்களுக்கு அன்றைக்கே தெரியும்" என்றேன்.

"தெரியாம? முப்பத்தொண்ணக் கழிக்க எனக்கு என்ன காலேஜா போகணும்? முத தீர்மானம் போட்டதும் சரி, எம் பேரு போச்சுன்னு நெனச்சுதான் வழிமொழிஞ்சேன். அடுத்து நீயே எந்திரிச்சு ரெண்டாவத சொன்னியே! இயேசப்பா, இந்த செண்பகத்த இன்னும் நூறு வருஷம் வையும்னு செபம் பண்ணிட்டேன்."

"அக்கா, பத்தாண்டு இரண்டில் தொடங்குவதற்கும் நியாயம் உண்டு" என்று நான் விளக்கத் தொடங்கினேன். ரஸ்க் கையிலிருந்து டீக்குள் விழும் அளவுக்குச் சிரித்தார். இருமல் வந்து, அவர் மருமகள் ஓடி வந்து முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஏளா, முப்பது வருஷமா ஒண்ணு ஒண்ணுன்ன. இப்ப ரெண்டுங்கிற. நான் கண்ண மூடுறதுக்குள்ள மூணு வரைக்கும் வந்துருவ. எண்ணப் படிச்சுட்டு இருக்கியா?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "உள்ளதச் சொல்லு. ஒனக்கு அந்தத் தூணு வேணும். வேணும்னு ஒரு நாளாவது வாயத் தொறந்து கேட்டியா? கேட்டிருந்தா அன்னைக்கே விட்டுக் குடுத்துருப்பேனே. எனக்கு அந்தக் கல்லுல என்ன இருக்கு?"

என்ன அவதூறு பாருங்கள். நான் தூணுக்காகவா இத்தனை ஆண்டு போராடினேன்? அதைச் சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

நேராகப் பள்ளிக்குப் போய் வேலையை நிறுத்தச் சொன்னேன். பேச்சிமுத்து அதற்குள் தொடங்கிவிட்டிருந்தார். பழைய பெயரைத் தேய்த்து எடுக்கும் இயந்திரம் மறுநாள்தான் வருவதாக இருந்தது. சும்மா இருப்பானேன் என்று, எமிலி அக்காவின் பெயருக்கு இடப்புறம் வெறுமையாக இருந்த இடத்தில் என் முதலெழுத்தை மட்டும் வெட்டி, ஒரு புள்ளியும் வைத்திருந்தார். நான் சொன்னபடியே, அழுத்தமாக. தூரத்திலிருந்தும் தெரியும்படி.

அவ்வளவு அழுத்தமாக வெட்டியது, மறுநாள் வந்த இயந்திரத்துக்கும் தேயவில்லை. சிமென்ட் வைத்து அடைக்கலாமா என்று இளவழுதி எமிலி அக்காவிடம் கேட்டிருக்கிறான். "கெடக்கட்டும்பா, நான் இனிஷியலே இல்லாம முப்பது வருஷமா நிக்கேன்" என்றாராம். ஆகவே இப்போது நீங்கள் எங்கள் பள்ளிக்குப் போனால், ஐந்தாம் தூணில் 'சு. எமிலி தங்கபாய்' என்று வாசிக்கலாம். என் தகப்பனார் சுடலைமுத்து, எமிலி அக்காவின் தகப்பனாராக ஒரு பத்தாண்டுக்கு நின்றுகொண்டிருக்கிறார்.

ஆனால் நான் எதையும் விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பேச்சிமுத்து முன்பணத்திலிருந்து எழுத்துக்கு இருநூறும் புள்ளிக்கு ஐம்பதும் பிடித்துக்கொள்வேன் என்று நின்றார். புள்ளி எழுத்தாகாது, அதற்குக் கூலி இல்லை என்று நான் நின்றேன். இன்று நாளை என்று இரண்டு மாதம் இழுத்தார். அவர் தென்காசியில் ஒரு கோயில் வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இன்று காலை நேரில் போய்ச் சாரத்துக்குக் கீழே நின்றேன். "எம்மா தாயே, ஒங்க புள்ளிய நீங்களே வச்சுக்கோங்க" என்று மேலிருந்து இறங்கி வந்தார். இதோ இந்தப் பையில் இருக்கிறது, பேருந்தில் ஏறுமுன் எண்ணிவிட்டேன்: ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.